மலை ஏறாதவரின் மண்ணின் மைந்தர் வாதம்

கல்வராயன் மலைப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒருவர் பேனாவை உருவிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் என்றால் நியாயமாக நாம் சந்தோஷப்பட வேண்டும். அந்த மலையை நினைத்தவர்களைவிட மறந்தவர்களே நம்மில் அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போய், உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்ட பிறகுதான், கல்வராயன் எந்தத் திசையில் இருக்கிறது என்று பலர் வரைபடத்தைப் பிரித்தார்கள். ஆகவே சென்ற இதழில் வந்த கட்டுரையை மரியாதையோடுதான் படிக்கத் தொடங்கினேன். முடித்தபோது மிஞ்சியது ஒரே சந்தேகம்: கட்டுரையாளர் கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டி அந்த மலைப்பாதையில் ஒரு தடவையாவது ஏறியிருக்கிறாரா?

அவருக்கு அநியாயம் செய்யாமல் அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அயல்நாடுகளில் ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர்கள் சிலர் நம் மலைப்பள்ளிகளுக்கு வந்து கற்பிக்க ஆசைப்படுகிறார்களாம். அந்த ஆசையை முளையிலேயே கிள்ளி எறிய வேண்டுமாம். காரணங்கள் நான்கு. ஒன்று, அறுபது தாண்டிய ஆசிரியர் காலாவதியானவர். இரண்டு, அந்நியருக்கு நம் பிள்ளைகளின் பேச்சும் மண்ணும் பிடிபடாது. மூன்று, அவர் நம் இளைஞரின் வேலையைப் பறிக்கிறார். நான்கு, அவர் வருவது கற்பிக்க அல்ல. மதம் பரப்ப, அல்லது தன் ஓய்வூதியத்தை மலிவான நாட்டில் வைத்து ராஜபோகமாக வாழ. போதாக்குறைக்கு, நம்மூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வயதையும் பாராமல் கடல் கடந்துபோய்த் தமிழ் வளர்ப்பதைப் பற்றி நெஞ்சு விம்ம ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தியை அவர் ஏன் எழுதினார் என்பது எனக்கு விளங்கவில்லை. எதிராளியின் கையில் கத்தியைத் தானே கொடுத்துவிட்டுப் போகிற பெருந்தன்மை தமிழ்க் கட்டுரை உலகில் அபூர்வம்.

முதலில் வயது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் 2020 மே வரைக்கும் 58 வயதில் ஓய்வுபெற்றார். அந்த மாதம் ஓர் அரசாணை வந்தது, 59 ஆயிற்று. 2021-ல் இன்னோர் அறிவிப்பு வந்தது, 60 ஆயிற்று. ஓய்வுகாலப் பணப்பலன்களை மொத்தமாக எடுத்துக் கொடுக்கக் கருவூலத்தில் தெம்பில்லை என்று அந்தக் கொரோனா நாட்களில் ஆசிரியர் அறைகளிலேயே பேசிக்கொண்டார்கள். கட்டுரையாளரின் நரம்பியல் கொள்கைப்படி பார்த்தால், கருவூலத்தின் இருப்பு குறையக் குறைய ஆசிரியரின் மூளைக்கு ஆயுள் கூடுகிறது போலிருக்கிறது. கல்வியாண்டின் நடுவில் வயது முடிகிறவருக்கு ஆண்டு இறுதிவரை மறுநியமனம் தருகிற வழக்கமும் இங்கே நெடுங்காலமாக உண்டு. ஆகஸ்டில் காலாவதியாகிவிட்ட ஒருவர் மார்ச்சில் பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்கிறார் என்பதை முன்னாள் கல்வி அதிகாரியான கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். ஆம், முன்னாள் அதிகாரி. ‘ஓய்வுபெற்றவர், தற்போது தனியார் பள்ளிகளுக்கு ஆலோசகர்’ என்று கட்டுரையின் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. அறுபதுக்குப் பிறகு மூளை மழுங்கும் என்ற கருத்தை அறுபதுக்குப் பிறகு ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதினால், அதை வாதமாக எடுத்துக்கொள்வதா, வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதா?

நாற்பதாண்டுக் காலத்தில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் கழித்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய போப்பையர், ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பிக்கத் தொடங்கியது 1884-ல், தம் 64-ஆம் வயதில். திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886-ல், நாலடியார் 1893-ல், திருவாசகம் 1900-ல், எண்பது வயதில். கட்டுரையாளர் அன்றைக்கு ஆக்ஸ்போர்டில் ஆலோசகராக இருந்திருந்தால், கிழவர் காலாவதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். நாமும் மேடைக்கு மேடை போப்பையர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்க வழியில்லாமல் போயிருக்கும்.

முதுமைக்குக் குறையே இல்லையா? உண்டு. மூட்டுவலி உண்டு, சர்க்கரை உண்டு, கல்வராயனின் வெள்ளிமலையில் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர வேண்டிய அவஸ்தை உண்டு. ஆண்டுக்கு ஆண்டு விசாவுக்குக் கையேந்துவது, சொந்தபந்தம் இல்லாத ஊரில் காய்ச்சலோடு தனியே கிடப்பது, ஊரில் யாரோ இறந்த செய்திக்குப் போய்ச் சேர முடியாமல் இருப்பது, இவையெல்லாம் அயலூரில் வயதாகிற ஆசிரியர் உண்மையாகவே சுமக்கிற பாரங்கள். கட்டுரையாளர் இதைப் பற்றி எழுதியிருந்தால் நானும் கூடவே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் இந்தச் சிரமமெல்லாம் ஆசிரியருக்கு. பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்பதைத்தானே அவர் நிரூபிக்க வந்தார்? அந்த இடம் வந்ததும் ‘காலாவதி’ என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு நகர்ந்துவிட்டார். வாதம் இல்லாத இடத்தில் வசவு வந்து உட்கார்ந்துகொள்வது நமக்குப் பழகிய காட்சிதான்.

இரண்டாவது, அந்நியருக்கு மண் பிடிபடாது என்பது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு இந்த வாதத்தை எடுக்க அசாத்திய தைரியம் வேண்டும். ஏனென்றால் அதே மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணைக்குள் ஒரு பாறை நிற்கிறது. ஊரார் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். கபிலர் திருக்கோவிலூர்க்காரரா? இல்லை. பாண்டிநாட்டுத் திருவாதவூரில் பிறந்தவர் என்பது மரபு. பறம்பில் வாழ்ந்து, பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, மலையமான் நாட்டில் வந்து முடிந்தவர். அவர் இங்கே உயிர் துறந்ததை வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டே சொல்கிறது. இன்னும் வேடிக்கை கேளுங்கள்: அவருடைய குறிஞ்சிப்பாட்டு, பிரகதத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகப் பாடப்பட்டது என்பது பழங்குறிப்பு. ஆக, இந்த மாவட்டம் பெருமைப்பட்டுக்கொள்கிற மாபெரும் ஆசான் வந்தேறி. அவர் மலைநிலத்து ஒழுக்கத்தைப் பாடமாக நடத்தியது ஓர் அந்நியனுக்கு. கட்டுரையாளர் அந்தக் காலத்தில் கல்வி அதிகாரியாக இருந்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்டுக் கபிலரை ஆற்றங்கரையோடு திருப்பி அனுப்பியிருப்பாரோ?

சங்ககாலம் வேண்டாம், சமீபத்துக்கு வருவோம். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993-ல் கடலூராகவும் விழுப்புரமாகவும் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. அந்தத் தென்னார்க்காட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931-ல் தன் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது, இலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளை. யாருக்கும் மண் கெட்டுப்போகவில்லை.

பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தால் மொழியும் மண்ணும் தானாக வந்துவிடுமா? வெள்ளிமலையில் மத்திய அரசுத் திட்டத்தின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு 2023-ல் நாடு முழுமைக்குமாக ஒரே தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். இந்தித் தேர்ச்சியும் கேட்டார்கள். விளைவு, வடக்கே பிறந்த இளைஞர்கள் தென் மாநிலங்களின் பழங்குடிப் பள்ளிகளில் வந்து இறங்கி, பிள்ளைகள் பேசுவது புரியாமல் இவர்களும் இவர்கள் பேசுவது புரியாமல் பிள்ளைகளும் முழிக்க, மாறுதல் கேட்டு மனுக்கள் குவிந்தன. அந்த இளைஞர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பிழைப்புக்கு வந்தவர்கள். ஆனால் அறுபத்தைந்து வயது ஸ்காட்லாந்துக்காரருக்கு மண் பிடிபடாது என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற கட்டுரையாளர், இதைப் பற்றி ஒரு வரி எழுதினாரா? டெல்லி அனுப்பினால் மண் தானாகப் பிடிபட்டுவிடும் போலும்.

‘மண்ணின் மைந்தர்’ என்ற மந்திரத்தைக் கல்வராயனில் உச்சரிப்பதற்கு முன் அந்த மலையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். நாட்டுக்கு 1947-ல் வந்த விடுதலை அந்த மலைக்கு வர 1976 ஆயிற்று. அதுவரைக்கும் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற ஜாகீர்களின் கீழ்தான் மலையாளிப் பழங்குடிகள் கூலியில்லா வேலை செய்து கிடந்தார்கள். அந்த ஜாகீர்தார்கள் டென்மார்க்கிலிருந்தா வந்தார்கள்? அதே மலை, அதே மண். சுரண்டுவதற்குப் பிறந்த ஊர் ஒரு தடையாக இல்லை என்றால், கற்பிப்பதற்கு மட்டும் அது தகுதியாவது எப்படி?

மூன்றாவது வாதம் வேலைப் பறிப்பு. இங்கேதான் கட்டுரையாளரின் சிந்தனையைவிட அவருடைய தகவலறிவு என்னைத் திகைக்க வைத்தது. அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வெளிநாட்டுக் குடிமகன் சேரவே முடியாது என்பது ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதிய எந்தப் பி.எட். பிள்ளைக்கும் தெரியும். தனியார் சம்பளத்துக்கு வரலாமென்றால், வேலைவாய்ப்பு விசாவின் பொதுவிதி ஆண்டுக்கு 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத சம்பளம் கேட்கிறது. ஆங்கிலம் தவிர்த்த பிறமொழி கற்பிப்பவர் போன்ற சிலருக்கே விலக்கு. ஜெர்மன் சொல்லித்தர வரலாம், ஆங்கிலம் சொல்லித்தர வேண்டுமென்றால் அவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும்! சேராப்பட்டிலோ கரியாலூரிலோ எந்தப் பள்ளி அந்தச் சம்பளத்தைத் தரப்போகிறது?

உள்ளூர் இளைஞரின் வேலை எங்கே போயிற்று என்பதை நான் சொல்கிறேன். காலிப்பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆட்களைக் கொண்டு நிரப்பலாம் என்று 2022-ல் அரசு சொன்னபோது நிர்ணயித்த தொகுப்பூதியம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. பட்டமும் பி.எட்.டும் தகுதித்தேர்வுச் சான்றும் கையில் வைத்திருக்கிற இளைஞருக்குக் கிடைத்த விலை அது. நிரந்தர இடத்தைக் காலியாக வைத்து, அந்தக் காலியிடத்தைக் காட்டியே அரைவயிற்றுச் சம்பளத்துக்கு ஆள் பிடித்தது எந்த வெள்ளைக்காரக் கிழவர்? வேலையைத் தின்றது வீட்டுக்குள் இருக்கிறது. கட்டுரையாளர் கம்பெடுத்துக்கொண்டு தெருவில் போகிறவரைத் துரத்துகிறார். அதிகாரியாக இருந்த காலத்தில் எத்தனை காலியிடக் கோப்புகள் அவருடைய மேசையைக் கடந்து போயின என்று கேட்பது அநாகரிகம்தான். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

நான்காவது, உள்நோக்கம். மதம் பரப்ப வந்தார்கள் என்கிறார். பெரிய துப்பறிவு! திருக்கோவிலூரிலும் திருவண்ணாமலையிலும் ‘டேனிஷ் மிஷன்’ என்ற பெயரோடு பள்ளிகள் பகிரங்கமாக நிற்கின்றன. தாங்கள் எதற்கு வந்தோம் என்பதை அவர்கள் பலகையிலேயே எழுதி மாட்டினார்கள். அதை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒருத்தி என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? அன்னா மேரி பீட்டர்சன், டென்மார்க்கில் 1878-ல் பிறந்தவர், மிஷன் ஊழியராக 1909-ல் வந்தவர். 1917-ல் ஆசிரமத்துக்கே போய்க் காந்தியைப் பார்த்தார். இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தியாவை அந்நியமாக்குகிற படிப்பைத் தருவதில்லை என்று முடிவெடுத்தார். மிஷனுக்கு அது ஒத்துவரவில்லை, 1920-ல் விலகினார். 1921-ல் பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்குக் காந்தியே அடிக்கல் நாட்டினார். தம் நாட்டுக் குருண்ட்விக்கின் மக்கள் பள்ளி யோசனையையும் இந்நாட்டு ராட்டையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சேவாமந்திர் என்ற அந்தப் பள்ளியை நடத்தினார். சம்பளத்துக்கு மிஷன் இல்லை, ஆதரவுக்கு அன்றைய அரசாங்கம் இல்லை. அந்தப் பள்ளியோடேயே முதுமையடைந்து 1951-ல் இறந்தபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். கட்டுரையாளரின் அட்டவணையில் இவரை எந்தக் கட்டத்தில் போடுவது? மதம் பரப்ப வந்தவர் என்றால் மிஷனை ஏன் விட்டார்? ராஜபோகத்துக்கு என்றால், தேசிய இயக்கத்தோடு சேர்ந்து ஆட்சியாளரின் சந்தேகத்தைச் சம்பாதித்துக்கொண்டு பரங்கிப்பேட்டை உப்புக்காற்றில் உட்கார்ந்திருப்பதா ராஜபோகம்?

அந்நிய ஆசிரியர் என்றாலே ஒவ்வாமை என்றால் அது எல்லா இடத்திலும் அரிக்க வேண்டும். கொடைக்கானலில் 1901-லிருந்து ஒரு சர்வதேசப் பள்ளி நடக்கிறது; ஏற்காட்டில் 1917-லிருந்து மான்ட்ஃபோர்ட் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களை அங்கே யாரும் காலாவதி என்று சொல்லவில்லை. அதை விளம்பரமாகவே சொல்லி இடம் பிடிக்க வரிசையில் நின்றவர்கள் நம்முடைய பெரிய மனிதர்கள்தான். ஏற்காட்டுச் சேர்வராயனிலும் மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள், கல்வராயனிலும் இருக்கிறார்கள். அந்த மலையில் பணக்காரப் பிள்ளைக்கு வெள்ளைக்கார வாத்தியார் வந்தால் அது உலகத்தரம். இந்த மலையில் மரவள்ளி பிடுங்கப் போன தாயின் பிள்ளைக்கு அவரே வந்தால் அது பண்பாட்டுப் படையெடுப்பு! தனியார் பள்ளி ஆலோசகர் ஒருவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டது மறதியாலா, தொழில் தர்மத்தாலா? வாசகர்கள் கெட்டிக்காரர்கள், விடையை நான் எழுத வேண்டியதில்லை.

இனி அந்தப் பொன்னான கடைசிப் பத்தி. கடல் கடக்கும் தமிழாசிரியரின் புகழ். அதில் பெருமைப்பட விஷயம் உண்டுதான். ஹைலே செலாசி காலத்து எத்தியோப்பியா இந்திய ஆசிரியர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துக்கொண்டது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் முன்பின் கேள்விப்படாத மலைநகரங்களில் கணக்கும் அறிவியலும் நடத்தினார்கள். மாலத்தீவின் பள்ளிகள் பல காலமாக இந்திய ஆசிரியர்களை நம்பியே நடந்தன. தனிநாயகம் அடிகள் 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனதால்தான் 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. போன ஊரிலெல்லாம் நம் ஆட்கள் அந்நியர், பலர் வயதானவர்கள், பிள்ளைகளின் மொழியை அங்கே போய்த்தான் தட்டுத்தடுமாறிக் கற்றார்கள், சம்பளம் நல்லதாக இருந்ததால்தான் போனார்கள், அதில் வெட்கமும் இல்லை. கட்டுரையாளரின் நான்கு காரணங்களையும் எடுத்து அடிஸ் அபாபாவிலோ மாலேயிலோ ஒருவர் அப்படியே அச்சடித்திருந்தால், நம் ஆசிரியர்கள் அடுத்த கப்பலில் திரும்பியிருக்க வேண்டும். நாம் போனால் தமிழ்த்தொண்டு, அவர் வந்தால் ஆக்கிரமிப்பு. இதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்காதீர்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

இத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு விஷயம் மட்டும் அந்த நான்கு பக்கத்தில் எங்குமே இல்லை: மலைப்பள்ளியின் மதியம். கல்வராயனில் ஆசிரியரின் மனசு கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பேருந்தைத்தான் அதிகம் பார்க்கிறது. கீழே குடியிருந்துகொண்டு காலையில் ஏறி வருகிறவருக்கு, மாலையில் இறங்குகிற வண்டியைத் தவறவிட்டால் ராத்தங்கல். ஆகவே கடைசிப் பாடவேளை என்பது பையைத் தோளில் மாட்டுகிற வேளையாகச் சுருங்கிப் போகிறது. மழைநாளில் அதுவும் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளி என்று பெயர். உண்பதும் உறைவதும் பிள்ளைகள், ஆசிரியர் உறைவது அடிவாரத்தில். காபித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ பெற்றோர் போய்விட்ட பிள்ளை மாலை ஆறு மணிக்கு ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்கும்? இதற்கு ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒழுகாத குடியிருப்பு ஒன்றைக் கட்டிக் கொடுக்காமல், மலையில் தங்கு என்று உத்தரவிட எவருக்கும் முகம் இல்லை. ஆனாலும் உண்மை அதுதான். அந்த மலைக்குப் பஞ்சம் இளமையிலோ சுதேசித்தனத்திலோ இல்லை. தங்குகிற ஆளில் இருக்கிறது. பீட்டர்சன் தங்கினார். எத்தியோப்பியாவில் நம்மவர்கள் தங்கினார்கள். தங்குகிறவருக்கு மொழி ஆறு மாதத்தில் வரும், மண் ஒரு மழைக்காலத்தில் பிடிபடும். தங்காதவருக்கு, அவர் மலை அடிவாரத்திலேயே பிறந்திருந்தாலும், பிள்ளையின் பெயர்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

இதை எழுதினால் கேள்வி யார் பக்கம் திரும்பும் என்பது முன்னாள் அதிகாரிக்குத் தெரியாதா? தெரியும். காலியிடம் ஏன், குடியிருப்பு ஏன் இல்லை, மலைக்கு மாறுதல் என்பது ஏன் இன்னும் தண்டனையாகவே கருதப்படுகிறது என்று துறையைக் கேட்க வேண்டி வரும். துறை என்றால் அவரும் அவருடைய நண்பர்களும். வராத வெளிநாட்டுக் கிழவரைக் கேட்பது சுலபம். அவர் பதில் எழுத மாட்டார், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட மாட்டார், சங்கம் வைத்து மறியல் செய்ய மாட்டார்.

என் தரப்பு இதுதான். மலையில் தங்கிக் கற்பிக்க முன்வருகிற எவருக்கும், அறுபது தாண்டிய நம்மூர் ஆசிரியராக இருந்தாலும் சரி, அயல்நாட்டவராக இருந்தாலும் சரி, காவல்துறைச் சான்றும் உடல்தகுதிச் சான்றும் கறாராகக் கேளுங்கள். உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரை முழுச் சம்பளத்தோடு கூடவே நியமியுங்கள். இரண்டு பேருக்கும் பள்ளி வளாகத்திலேயே வீடு கொடுங்கள். விசாவின் சம்பள விதியிலிருந்து பழங்குடிப் பள்ளிகளுக்கு விலக்கு கேட்டு டெல்லிக்கு எழுதுங்கள். கட்டுரையாளருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவருக்கு அனுபவம் உண்டு, தமிழ் உண்டு, இந்தியப் பாஸ்போர்ட் உண்டு, வயது ஒன்றுதான் அவர் கணக்கிலேயே இடிக்கிறது. அதை நான் மன்னித்துவிடுகிறேன். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு கல்வியாண்டுக்கு அவர் மலை ஏறட்டும். மறுப்புக் கட்டுரையை வெள்ளிமலை அஞ்சலகத்திலிருந்து அனுப்பினால், அதற்கு நான் இதைவிடப் பணிவாகப் பதில் எழுதுவேன்.